நாங்க புது வீட்டுக்குப் போறோம்

அக்காவுக்கு பஸ் ஓட்டுகிற வேலை. அம்மா அப்பா போன பிறகு தம்பியை வளர்த்து ஆளாக்கியவள் அவள்தான். அதிலேயே கல்யாண வயது ஓடிப்போனது. தம்பி கப்பலில் எஞ்சினியர். வேற்று மொழிக்காரப் பெண் ஒருத்தியைக் கட்டிக்கொண்டு வந்தவன், “ரெண்டு பேரும் பேசிப் பழகிக்கோங்க” என்று சொல்லிவிட்டுக் கப்பல் ஏறிவிட்டான்.

அந்தப் பெண்ணுக்குப் பல்செட் செய்யும் கூடத்தில் வேலை. காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, யாருடைய கடைவாய்ப் பல்லையோ ராவிக்கொண்டே, ஒரு செயலியில் தமிழ் படித்தாள். செயலி அவளுக்கு மேடைத் தமிழைத்தான் சொல்லிக்கொடுத்தது.

“அண்ணி, தாங்கள் தேநீர் அருந்துகிறீர்களா?”

“என்னை என்ன மகாராணின்னு நெனச்சியா? டீ குடிக்கிறீங்களான்னு கேளும்மா, போதும்.”

இப்படிச் சிரித்துச் சிரித்தே இருவருக்கும் ஒட்டிக்கொண்டது. கொஞ்ச நாளில் அவள் வீட்டுத் தமிழும் பேச ஆரம்பித்துவிட்டாள்.

ஒரு நாள் சாயங்காலம் செருப்பைக் கூடக் கழற்றாமல் ஓடி வந்தாள். போனில் ஒரு வீட்டின் படம்.

“அண்ணி! அடுத்த மாசம் நாங்க புது வீட்டுக்குப் போறோம்!”

அக்காவுக்கு நெஞ்சில் சுருக்கென்றது. நாங்க. அவனும் இவளும். கேட்டுக்கொண்டு நிற்பவள் அந்தக் கணக்கில் இல்லை.

“ரொம்ப சந்தோஷம்மா” என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். தம்பியைக் கூப்பிட்டுக் கேட்கலாம். ஆனால் கேட்டு வாங்குகிற இடம் இடமா என்று ரோஷம் வந்துவிட்டது.

மறுநாள் டிப்போவில், டிக்கெட் பரிசோதகராக இருக்கும் தோழியைப் பிடித்தாள்.

“உன் வீட்டு மாடி ரூம் காலியாத்தானே இருக்கு?”

“யாருக்கு, உனக்கா? தம்பி வீட்ல ஏதாவது சண்டையா?”

“சண்டையெல்லாம் இல்லடி. சின்னஞ்சிறுசுங்க, தனியா இருக்கட்டும்.”

அன்றே பெட்டி கட்டத் தொடங்கினாள். தம்பி பெண்டாட்டி பார்த்தாள். முகமெல்லாம் பல்லாக ஓடிப்போய் டேப்பும் கத்தரிக்கோலும் எடுத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து உதவினாள். ஒவ்வொரு பெட்டியிலும் கோணல் எழுத்தில் ‘அண்ணி’ என்று வேறு எழுதி வைத்தாள். வெளியே அனுப்புவதில் இவளுக்கு இவ்வளவு குஷியா என்று அக்கா நினைத்துக்கொண்டாள்.

ஆனாலும் மனக்கசப்போடு பிரிய மனம் வரவில்லை. ‘நாம நல்லாத்தான் இருந்தோம்’ என்று அவள் பாஷையிலேயே சொல்லிவிட்டுப் போகலாம் என்று தோன்றியது. கடைசி ஸ்டாப்பில் வண்டியை நிறுத்தியிருந்த நேரத்தில் அதே செயலியைத் தன் போனில் இறக்கினாள். ‘நாம் வீட்டில் இருந்தோம்’ என்று பாடம் வந்தது. போன் அதை அவள் பாஷையில் சொல்ல, அக்காவும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். அடுத்தது ‘நாங்கள் வீட்டில் இருந்தோம்.’ அதற்கும் அதே வாக்கியத்தைத்தான் போன் சொன்னது. போன் மக்கர் பண்ணுகிறதோ என்று நினைத்து ‘நாம் போகிறோம்’, ‘நாங்கள் போகிறோம்’ என்று தட்டிப் பார்த்தாள். இரண்டுக்கும் ஒரே பதில்தான். அந்த பாஷையில் இரண்டுக்கும் ஒரே சொல்தான் இருந்தது.

அக்கா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“டிரைவரம்மா, வண்டி எடுக்கலையா?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்த பிறகுதான் சாவியைத் திருப்பினாள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கேட்டாள். “புது வீட்டுக்கு யாரு யாரும்மா போறோம்?”

அவள் விழித்தாள். “நான், அவர், நீங்க. நாங்க. உங்க ரூம் கீழே. டியூட்டி முடிஞ்சா கால் வலி. படி வேண்டாம்.”

அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பதறிப்போன அவளைத் தோளோடு சேர்த்து அணைத்து, “இது நாம” என்றாள். பிறகு மெல்ல வாசலுக்கு வெளியே நகர்த்திவிட்டு, உள்ளே நின்று தன்னையும் சுவரில் இருந்த தம்பியின் போட்டோவையும் தொட்டுக் காட்டினாள். “இது நாங்க. இதுல நீ கிடையாது.”

வாசலில் நின்றவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. அவள் பார்வை பெட்டிகள் மேல் போனது.

“ஐயோ! அப்போ இந்தப் பெட்டி எங்க போக?”

அக்கா தோழி வீட்டு மாடி ரூமைப் பற்றிச் சொன்னாள். அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“என்கிட்ட ஏன் கேக்கல? எங்க ஊர்ல வருத்தம்னா கேப்பாங்க. கத்துவாங்க. நீங்க சந்தோஷம்னு சொல்லி பெட்டி கட்டினீங்க!”

அந்த வீட்டில் யாரும் அக்காவை அப்படிக் கேட்டதில்லை. வருத்தத்தை விழுங்கிக்கொள்வதுதான் பெரிய மனுஷத்தனம் என்று இத்தனை காலம் இருந்துவிட்டாள்.

“சரி, இனிமே கேக்குறேன்.”

“இப்பவே கேளுங்க.”

அக்கா அவள் போனை வாங்கிப் புது வீட்டுப் படத்தை மறுபடி பார்த்தாள். “கீழ் ரூம் எனக்கு வேண்டாம். அதுல ஜன்னலே சின்னதா இருக்கு. மாடிதான் வேணும்.”

“மாடி நான் எடுத்தேன்!”

“நீ யாரைக் கேட்டு எடுத்தே?”

தோழிக்கு போன் செய்ய வேண்டியதைக் கூட மறந்துவிட்டு, இருவரும் இரண்டு பாஷையிலும் குரலை உயர்த்திக்கொண்டிருந்தார்கள்.