பதினேழு தவறுகள்

டிவியில் வந்த ஸ்டேஷனில் பாகான் செராய் என்று பலகை. பலகைக்குப் பின்னால் சுண்ணாம்பு மலை. பாகான் செராயில் மலைக்கு எங்கே போவது? ஸ்டேஷனில் இறங்கினால் கண்ணுக்கெட்டியவரை வயல்தான். முதல் வாரமே நானும் நண்பன் பத்துமலையும் டிவி முன்னால் எழுந்து நின்று கத்திவிட்டோம். அவன் மனைவி அடுப்படியிலிருந்து ஓடிவந்து யாருக்கு என்ன ஆனது என்று கேட்டாள்.

எண்பத்து நாலாம் வருஷம் அது. சனிக்கிழமைதோறும் மாலை ஏழரைக்கு அந்த ரயில் தொடர் வந்தது. பழைய காலத்து ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவரின் குடும்பக் கதை, பதின்மூன்று வாரம். ஈப்போவில் எங்களைப் போல அதற்குக் காத்திருந்தவர்கள் யாரும் இருந்திருக்க முடியாது. எங்களுக்கென்று ஒரு சங்கமே இருந்தது, ஈப்போ ரயில் நண்பர்கள் சங்கம். உறுப்பினர்கள் மூன்றே பேர். இரும்புக்கடைக் குமாஸ்தா சதாசிவமாகிய நான் தலைவர். தபாலாபீசில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்கும் பத்துமலை துணைத்தலைவர். ரயிலைப் பார்த்துப் பார்த்தே பைத்தியமானவர்கள் நாங்கள் இருவரும். செயலாளர் யேசுதாசன்தான் அசல் ஆள். சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்து, நீராவி என்ஜினில் நெருப்பைப் பார்த்துக்கொள்ளும் ஃபயர்மேனாக இருந்தவன். அந்த என்ஜின்களோடு அவன் வேலையும் போயிற்று. தோட்டத்தையும் துண்டு போட்டு விற்றுவிட்டார்கள். பிறகு ஈப்போவிலேயே புந்தோங்கில் வாடகை வீடு, மனைவி ரோசரி, மூன்று பெண் குழந்தைகள். இன்றைக்கு மூட்டை தூக்குவான், நாளைக்குக் காவல்காரன், அதற்கடுத்த நாள் ஒன்றும் இல்லை.

தொடர் தொடங்கும்போது அவன் ஊரில் இல்லை. கோலாலம்பூரில் ஏதோ வேலை கிடைத்துவிட்டது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருந்தான். என்ன வேலை என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

இரண்டாம் வாரம் அதைவிட மோசம். எண்ணெயில் ஓடிய என்ஜினுக்கு ஒரு நடிகர் வேர்க்க வேர்க்கக் கரி அள்ளிப் போட்டார். மூன்றாம் வாரம் டிரைவர் டோக்கன் வாங்காமலே வண்டியை எடுத்தார். ஒற்றைத் தண்டவாளத்தில் அந்த டோக்கன்தான் உயிர். ஸ்டேஷன் மாஸ்டர் கையிலிருந்து அது டிரைவர் கைக்கு வந்தால்தான் அடுத்த ஸ்டேஷன்வரை பாதை அவருடையது. அது இல்லாமல் போனால் எதிரே இன்னொரு வண்டி வரும், சனங்கள் சாவார்கள்.

ஆறு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தோம். பத்துமலை நோட்டில் குறித்துக்கொண்டே வந்தான். மொத்தம் பதினேழு. டிவி நிலையத்துக்கு மலாயில் கடிதம் தட்டச்சு செய்தோம். கடைசி வரி என்னுடையது. "உங்களுக்கு ஆலோசனை சொல்பவர் ரயில்வே கேட்டில் நின்றுகூட ரயிலைப் பார்த்ததில்லை. முதலில் அவரை வீட்டுக்கு அனுப்புங்கள்." எழுதிவிட்டு இரண்டு தடவை படித்துச் சிரித்தேன். இப்போது அதை நினைத்தால் என் வாயிலேயே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

நாங்கள் சட்டதிட்டம் பார்க்கிறவர்கள் வேறு. சங்கக் கடிதம் என்றால் செயலாளர் பெயரில், செயலாளரின் 'சாப்' முத்திரையோடுதான் போகவேண்டும். முத்திரையை யேசுதாசன் என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். அவன் பெயருக்கு மேல் நானே கிறுக்கி, முத்திரையையும் குத்தி அனுப்பினேன்.

பத்து நாள் கழித்து ரோசரி இரும்புக்கடைக்கு வந்தாள். வாசலிலேயே நின்றாள். கடிதத்தின் நகல் அவள் கையில் இருந்தது.

"அண்ணே, இது நீங்க எழுதினதா?"

"ஆமா. நல்லா இருக்கா?" என்றேன். அப்படித்தான் கேட்டேன், கடவுளே.

"அவருதாண்ணே அங்க ஆலோசகரு. கடைசி வாரத்துல அவரு பேரு வரும்போது நீங்க ரெண்டு பேரும் பாக்கணும்னு சொல்லாம வச்சிருந்தாரு. வெளியில பேசக் கூடாதுன்னு கையெழுத்து வேற வாங்கிக்கிட்டாங்க. அடுத்த தொடருக்கும் வச்சுக்கிறதா இருந்தாங்க, நிரந்தர வேலை. இப்ப இந்தக் கடுதாசியக் காட்டி, எங்க சம்பளத்த வாங்கிக்கிட்டு எங்களையே ஏசுறியான்னு அனுப்பிட்டாங்க. அவரு இன்னும் இதப் படிச்சுக்கூடப் பாக்கல."

"அவன் எழுதலன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னாரு. சாப் யாருதுன்னு கேட்டாங்க. என்னோடதுதான்னு சொன்னாரு. யாரு குத்துனதுன்னு கேட்டாங்க. அதுக்கு மட்டும் வாயத் தொறக்கல."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மறுநாள் லீவு போட்டுவிட்டுக் காலை ரயிலில் கோலாலம்பூர் போனேன். அந்த நிலைமையிலும் கை தன்பாட்டுக்கு என்ஜின் நம்பரைக் குறித்துக்கொண்டது. சீ என்று இருந்தது. டிவி நிலையத்தில் பாதி நாள் உட்காரவைத்த பிறகு ஓர் இளம் அதிகாரி கூப்பிட்டார். கடிதம் எழுதியது நான்தான், யேசுதாசனுக்கு ஒன்றும் தெரியாது என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன்.

"அப்படியானால் இதெல்லாம் உங்களுக்கு யார் சொன்னது? அவர்தானே? அதுவும் ஒப்பந்தத்துக்கு விரோதம்தான்" என்றார்.

"யாரும் சொல்லவில்லை. டிவியில் பார்த்தோம்."

"சும்மா டிவி பார்க்கிற ஆளுக்குப் பதினேழு தப்பு தெரியுமா?"

தெரியும். எங்களுக்குத் தெரியும். அதை எப்படி நிரூபிப்பது? ஒன்றும் தோன்றாமல், அவை தப்பே இல்லை, எல்லாம் பொறாமையில் எழுதிய பொய் என்றேன். டோக்கன் இல்லாமலும் வண்டியை எடுக்கலாம் என்றேன். என் வாழ்நாளில் அதைவிடப் பெரிய பொய்யை நான் சொன்னதில்லை. ஐயா, மூன்று பெண் குழந்தைகள் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் தலைகுனிந்து பேனாவை மூடினார். வேறு ஆளைச் சேர்த்தாயிற்று என்றார்.

அடுத்த நாள் மாலை பத்துமலையையும் இழுத்துக்கொண்டு புந்தோங் போனேன். யேசுதாசன் பனியனோடு தரையில் உட்கார்ந்திருந்தான். கோலாலம்பூரிலிருந்து கொண்டுவந்த பெட்டி இன்னும் பிரிக்காமல் மூலையில் கிடந்தது. பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு ரோசரி கதவோரம் நின்றாள். நான் அவன் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தான்.

"மன்னிச்சிரு மச்சான். என்னைய நாலு அடி அடிச்சிரு லா."

அவன் கையை உயர்த்தவில்லை.

"டோக்கன எழுதுனியா?" என்றான்.

"அதுதான் மொதல்ல."

"நானும் அதத்தான் மொதல்ல சொன்னேன். இதெல்லாம் எவனுக்குத் தெரியப் போவுதுன்னு சிரிச்சாங்க. மொத்தம் எத்தன எழுதுனீங்க?"

"பதினேழு."

பத்துமலை நீட்டிய நோட்டைப் பார்த்து விரல் விட்டு எண்ணினான். உதடு அசைந்தது. அவன் முகத்தில் ஏதோ ஒன்று வந்தது. அதைச் சிரிப்பு என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

"பத்தொம்போது லா மச்சான். ரெண்ட விட்டுட்டீங்க. நாலாவது வாரம் வண்டி கெளம்புது பாரு, கடைசிப் பெட்டியில கார்டு பச்சக் கொடிய பிளாட்பாரம் இல்லாத பக்கம் நீட்டுறாரு. அத யாரு பாப்பாங்க?"

பத்துமலையின் கை சட்டைப்பையில் இருந்த பென்சிலுக்குப் போனது. அவனை அறையலாம் போல இருந்தது எனக்கு.

ரோசரி கதவை விட்டு முன்னால் வந்தாள். "அண்ணே, திங்கக்கெழமலேருந்து இவரு காலையில எந்திரிச்சு எங்க போவாரு? அத மட்டும் சொல்லுங்க" என்றாள்.

என்னைப் பார்த்துத்தான் கேட்டாள். பதில் சொல்ல வேண்டியவன் நான்தான். வாயைத் திறந்தேன்.

"விட்டுப்போன இன்னொண்ணு என்ன?" என்று யேசுதாசனைக் கேட்டேன்.