இறக்கையில் ஒட்டிய நூல்கள்

பெங்களூரிலிருந்து வந்த பேராசிரியர் பாஷ்யம் மாலை ரயிலைப் பிடித்தாக வேண்டும். அதற்குள் காற்றுப் பெட்டிக்குள் இறக்கையில் ஒட்டிய நூல்கள் படிந்தால் சுதர்சனத்துக்கு விமானவியல் படிப்பில் இடம். படியாவிட்டால், அப்பா பார்த்து வைத்திருக்கும் உப்பு இலாகா குமாஸ்தா வேலை. 1946 மே மாதம், தூத்துக்குடித் துறைமுகப் பட்டறையின் மூலையில், ஒரு முழ நீள மர இறக்கையை நம்பி அவன் நின்றிருந்தான்.

பெட்டி எளிமையானது. ஒரு பக்கம் மின்விசிறி. அதன் முன்னால், காற்றை நேராக்க, ஆத்தூர் ஆற்றோரத்தில் வெட்டி வந்த நாணல் குழல்கள். நடுவில், கண்ணாடிக்குப் பின்னால் இறக்கை. அதன் முதுகில் கோந்து வைத்து ஒட்டிய நூல்கள். இறக்கை லேசாகத் தலை தூக்கி நின்றால் நூல்கள் எண்ணெய் வைத்து வாரிய முடிபோலப் படிந்திருக்கும். இன்னும் தூக்கினால், பரப்பை உரசி வரும் காற்று பாதி வழியில் களைத்துவிடும். பின்னால் கூடிக்கொண்டே போகும் அழுத்தத்தை எதிர்த்துப் போக அதற்குத் தெம்பு இருக்காது. இறக்கையை விட்டு விலகும். நூல்கள் பேயாடும். நிஜ விமானமென்றால் அந்த இடத்தில் தூக்கும் விசை போய்விடும்.

களைத்த காற்றை, முதுகில் போட்ட மெல்லிய கீறல் வழியே உறிஞ்சி எடுத்துவிட்டால்? மேலே ஓடும் தெம்புள்ள காற்று இறங்கி வந்து பரப்பைப் பிடித்துக்கொள்ளும். உறிஞ்சுவதற்காக, கடலடியில் வேலை செய்பவருக்குக் காற்று அனுப்பும் கைப்பம்பை இரவல் வாங்கி, குழாயின் ஒரு முனையைக் கீறலுக்கு அடியில் பொருத்தியிருந்தான். பம்போடு பம்புக்காரர் பவுலும் வந்திருந்தார்.

"சுத்தட்டுமா சாமி?"

"சுத்துங்க அண்ணாச்சி."

பம்பின் சக்கரம் சுழன்றது. தலை தூக்கி நின்ற இறக்கையில் நூல்கள் முன்னைவிட மோசமாக எழும்பி ஆடின.

"என்ன ஓய், உம்ம நூல் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்கறதே," என்றார் பாஷ்யம், கடிகாரத்தைப் பார்த்தபடி.

சுதர்சனம் கண்ணாடியருகே குனிந்தான். கணக்கே தப்போ? இறக்கையின் தலையைத் தாழ்த்தினான். தானாகவே படிய வேண்டிய நூல்கள் அப்போதும் ஆடின. பம்பை நிறுத்தச் சொன்னான், உடனே படிந்தன. அப்படியானால் கெடுப்பது பம்புதான். மறுபடி சுற்றச் சொல்லிவிட்டு, பெட்டியின் பின்வாய் வழியே கையை நுழைத்துக் கீறலின் மேல் விரலை வைத்தான். காற்று விரலை முட்டியது.

"அண்ணாச்சி, குழாயை எந்த வாயில மாட்டினீங்க?"

"எப்பவும் மாட்டுத வாயிலதான்."

"அது வெளியே தள்ளுற வாய். காத்தை உள்ளே இழுக்குற வாயில மாட்டணும்னு சொன்னேனே."

பவுல் சக்கரத்தை விட்டுவிட்டுக் குனிந்து பார்த்தார். "இருவது வருசமா குழாய எடுத்தா கை இங்கனதான் போவுது சாமி. அந்த முனையில, கடலுக்கடியில, மூச்சுக்கு ஒருத்தன் காத்துக் கிடப்பாம்லா. அவன்கிட்டருந்து உறிஞ்சுன்னா கை வருமா?"

"இப்ப அந்த முனையில வெறும் மரக்கட்டை."

பாஷ்யம் சிரித்துவிட்டார்.

குழாய் இடம் மாறியது. இறக்கை மீண்டும் தலை தூக்கியது, நூல்கள் ஆடின. பவுல் சுற்றினார். கீறலை ஒட்டிய நூல் முதலில் படிந்தது. பிறகு அடுத்தது. பிறகு கடைசி வரிசையும். நிறுத்தினால் ஆடின, சுற்றினால் படிந்தன. பாஷ்யம் மூன்று முறை செய்யச் சொன்னார். கடிகாரம் எப்போதோ பைக்குள் போயிருந்தது.

"ஜூலை முதல் வாரம் வந்து சேரும். பெட்டியையும் கொண்டு வாரும்."

அவர் போனதும் சுதர்சனம் பழைய நங்கூரச் சங்கிலிக் குவியலின் மேல் அப்படியே உட்கார்ந்தான். சக்கரம் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

"போதும், நிறுத்துங்க அண்ணாச்சி."

"ஆளு மேல ஏறிட்டானா?" என்றார் பவுல், கையை எடுக்காமல்.

"ஏறிட்டான்," என்றான் சுதர்சனம்.