காற்று எழும்ப முன் ஒரு படம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் எனக்கு நேராகத் தெரிந்தது பாலாவிச் சந்தியிலிருந்து குறிஞ்சிப்பிட்டி வரையான பஸ் பயணம் மட்டும்தான். மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

பக்கத்துச் சீட்டில் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண். மடியில் சாமான் பை, கையில் போன், போன் நிறைய ஓர் ஈயின் முகம். அடுத்தவர் போனை எட்டிப் பார்ப்பது என் பிறவிக் குணம். அவர் கோபிக்கவில்லை, போனையே என் பக்கம் திருப்பிவிட்டார்.

"பிடிச்சு வச்சா எடுக்கிறீங்க?" என்றேன்.

"சீச்சீ. உசிரோட, அது இரிக்கிற இடத்திலதான் மிஸ். நாமதான் போய்க் குந்தி இரிக்கணும்."

பிறகு எனக்கு வகுப்பே நடந்தது. அவர் படமெடுப்பது போனில் கவ்விக்கொள்ளும் குட்டி லென்ஸால். இரண்டு விரல் தூரத்துக்குப் போனால்தான் தெளியும். மயிரிழை பிசகினாலும் பூச்சியின் கண் மங்கி, முதுகு தெளிந்துவிடும். ஆகவே மூச்சை அடக்கி, உடம்பை மெல்ல முன்னும் பின்னும் ஆட்டி, கண் தெளிகிற கணத்தில் தட்ட வேண்டும்.

இறங்கும்போது சொன்னார்: "எங்கட கொச்சிக்காச் செடியில கும்பிடுபூச்சிக் கூடு ஒண்டு இரிக்கி. இருவத்திமூணு நாளாப் பாத்துட்டு இரிக்கன். நாளைக்கோ மத்த நாளோ பொரிக்கும். மனிசன் நாளைக்குக் காலையில மருந்தடிக்கப் போறார்."

பஸ் புறப்பட்டுவிட்டது. அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. என்ன நடந்தது என்று தெரியாமல் என்னால் இருக்கவும் முடியவில்லை.

2

அவருக்கு றைஸா என்று பெயர் வைத்தேன். கணவருக்குப் பதுர்தீன். முதல் தொடக்கம் இப்படி வந்தது:

"தொண்ணூறாம் ஆண்டு ஊரோடு விரட்டப்பட்டு, ஒரு துணிப்பையோடு மன்னாரை விட்டுப் புத்தளத்துக்கு வந்த சிறுமி றைஸாவுக்கு, வீடிழந்த சின்ன உயிர்கள் மீது இயல்பாகவே—"

நிறுத்தினேன். அந்த மனுசி ஒன்றரை மணித்தியாலத்தில் ஒரு தடவையாவது மன்னார் என்றாரா? ஈயின் கண்ணைப் பற்றித்தானே கதைத்தார்! புத்தளத்துப் பெண் ஒருத்தி பூச்சியைப் பார்த்தால் அதற்குப் பின்னால் ஒரு துயரம் இருந்தாக வேண்டும் என்று நினைக்கிற என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அவருக்குப் பூச்சி பிடிக்கும். அவ்வளவுதான்.

இரண்டாவது தொடக்கம்:

"பதுர்தீன் ஒரு கல்நெஞ்சன். பூச்சி என்றாலே—"

இதுவும் சரிவரவில்லை. அரை ஏக்கர் கொச்சிக்காய் (மிளகாய்தான்), அதில் வெள்ளை ஈ விழுந்து இலை சுருளத் தொடங்கியிருக்கிறது. அந்த வீட்டு அடுப்பு எரிவதே அந்தத் தோட்டத்தால். அவர் மருந்தடிக்காமல் வேறென்ன செய்வார், பாவம்?*

* லென்ஸைப் புத்தளம் டவுனில் கடை கடையாக ஏறித் தேடி வாங்கிக் கொடுத்தவரும் பதுர்தீன்தான். இதற்கு ஆதாரம் கிடையாது. அவர் வாங்கிக் கொடுத்திருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

3

சிக்கல் என்னவென்றால், காற்று. கற்பிட்டிப் பக்கம் கச்சான் என்கிற மேல்காற்றுக் காலத்தில் பொழுது ஏறுமுன்பே காற்று எழும்பிவிடும். காற்றில் மருந்தடித்தால் பாதி தன் முகத்துக்கும் மீதி பக்கத்துத் தோட்டத்துக்கும் போகும். காற்றில் படமெடுத்தால் இலை ஆடும். விடிகாலைச் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு, தென்னோலை அசையாமல் இருக்கிற அந்த ஒரு மணித்தியாலம்தான் இரண்டு வேலைக்கும் உகந்தது. ஒரே தோட்டம், ஒரே நேரம், ஒரே வீட்டில் இரண்டு பேர்.

பின்னேரம் தேத்தண்ணி குடிக்கும்போது றைஸா பேச்சைத் தொடங்கினாள்.

"ரெண்டு நாள் பொறுக்க ஏலாதா?"

"ரெண்டு நாள்ள முழுத் தோட்டமும் சுருண்டுரும், றைஸா."

"கும்பிடுபூச்சி மத்தப் பூச்சியத் தின்னுறதுதானே. நமக்கு நல்லதுதானே."

"அதுக்குப் பசி வாற நேரம் நமக்கு அறுவடை முடிஞ்சிரும்."

(இந்தப் பதிலைப் பதுர்தீனுக்குக் கொடுத்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.)

"அந்தக் கொப்ப வெட்டி ஊட்டுக்குக் கொண்டு வாவன். ஆறுதலா எடுக்கலாம்," என்று அவரே ஒரு வழியும் சொன்னார்.

"வெட்டிக் கொண்டு வந்து எடுக்கிறதுக்கு நான் ஸ்டூடியோவா வச்சிரிக்கன்?"

அவர் சிரித்துவிட்டார். ஆனால் மருந்தடிக்க மாட்டேன் என்று மட்டும் சொல்லவில்லை.

4

இப்போது முடிவுகள்.

(அ) பதுர்தீன் அந்த ஒரு வரிசையை மட்டும் விட்டுவிட்டு மற்றதற்கு அடிக்கிறார். எழுதும்போது மனம் குளிர்ந்தது. ஆனால் தோட்டம் செய்கிற எவரும் இதை வாசித்துச் சிரிப்பார்கள். விட்ட வரிசையில் குடியிருக்கிற வெள்ளை ஈ மறுகிழமை முழுத் தோட்டத்துக்கும் திரும்பி வரும்.

(ஆ) றைஸா எழும்ப முன்பே அவர் அடித்து முடிக்கிறார். அவள் ஓடிப்போய்ப் பார்க்கிறாள். கூட்டின் மேல் மருந்து ஈரம். அவள்—

என்னால் ஏலாது. பதுர்தீனும் அப்படி ஒளித்துச் செய்கிற ஆள் இல்லை. இவ்வளவு நேரம் அவரோடு இருந்ததில் எனக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது.

5

ஆகவே, இப்படி. விடிந்துவிட்டது. பதுர்தீன் மருந்து கலந்து, டாங்கியை முதுகில் மாட்டிக்கொண்டு வருகிறார். கலந்த மருந்தை நாளைக்கு வைத்து அடிக்க முடியாது. செடியடியில் றைஸா குந்தியிருக்கிறாள்.

"பொரிக்குது," என்றாள், திரும்பாமலே.

அவர் குனிந்து பார்த்தார். கூட்டிலிருந்து நூல் நூலாய் ஏதோ தொங்கியது. ஒவ்வொன்றும் எறும்பளவுதான், எல்லாவற்றுக்கும் கண் இருந்தது.

"எவ்வளவு நேரம் எடுக்கும்?"

"தெரியா."

அவர் தென்னோலையைப் பார்த்தார். இன்னும் அசையவில்லை. இப்போது தொடங்கினால் அடித்து முடித்துவிடலாம். டாங்கியைக் கழற்றி மணலில் வைத்துவிட்டு, அவளுக்கு எதிரே குந்தினார்.

அன்றைக்கென்று பார்த்துக் காற்று நேரத்தோடு வந்தது. கொப்பு ஆடியது. கூடு லென்ஸுக்குள் நிற்கவில்லை. "அல்லாஹ்வே," என்று முணுமுணுத்தாள். பதுர்தீன் கையை நீட்டி, கூட்டுக்குக் கீழே கொப்பைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் பிடித்துக்கொண்டார்.

[இதை நான் திட்டமிடவில்லை. அவராகவே பிடித்தார்.]

றைஸா மூச்சை அடக்கி முன்னும் பின்னும் அசைந்து தட்டினாள், தட்டிக்கொண்டே இருந்தாள். குஞ்சுகள் இலைக்கடியில் ஓடி மறைந்தபோது காற்று பலத்துவிட்டது. இனி இன்றைக்கு மருந்தடிக்க முடியாது. கலந்தது வீண். இலைகள் இன்னும் ஒரு நாள் கூடுதலாகச் சுருளும்.

6

நிழலில் இருந்து படங்களைப் பார்த்தாள். நாற்பத்தொரு படம். நாற்பதில் ஒன்றுமே தெளியவில்லை. ஒன்றில் மட்டும் எல்லாம் தெளிவு: நகக்கண்ணில் மண், ஓரத்தில் ஒரு பழைய வெட்டு, ரேகைகளில் ஏறிய பச்சை. பதுர்தீனின் பெருவிரல். அதற்குப் பின்னால் மஞ்சளாய்க் கலங்கித் தெரிவதுதான் இருபத்திநாலு நாள் அவள் காத்திருந்த குஞ்சுகள்.

பதுர்தீன் இடுப்புச் சாரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"சரியா வந்திச்சா?"

இந்த இடத்தில் அவளுக்கு இரண்டு பதில் எழுதி இரண்டையும் வெட்டிவிட்டேன். 'இல்ல' என்றால் அந்த மனுசனின் காலை வீணாகிறது. 'ஓம்' என்றால் அது பொய்யா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. போனை உங்கள் கையில் தருகிறேன். படத்தை ஒரு தடவை வடிவாகப் பாருங்கள். அவர் முன்னால் நிற்கிறார், அவருக்கு நீங்களே சொல்லுங்கள்.