முறியாத மஞ்சள் கோடு

எங்கள் கல்லூரி ரேஸ் கார் அணியில் ஒரு வழக்கம் உண்டு. போல்ட்டை டார்க் ரெஞ்சால், சரியான இறுக்கம் வந்ததும் எழும் 'கிளிக்' கேட்கும்வரை முறுக்க வேண்டும். முறுக்கியவரே போல்ட் தலையிலிருந்து கீழே உள்ள இரும்புவரை பெயிண்ட் பேனாவால் ஒரு மஞ்சள் கோடு இழுக்க வேண்டும். போல்ட் அசைந்தால் கோடு முறிந்து காட்டிக்கொடுத்துவிடும். ஜூனியர்களுக்கு இதைத் தொண்டை கிழியச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான். ஊருக்குத்தான் உபதேசம்.

பட்டம் வாங்கி இரண்டு வருடமாகிறது. வகுப்பில் படித்தது பாதிக்கு மேல் மறந்துவிட்டது. அந்தக் கடைசிப் போட்டி மட்டும் மறக்கவில்லை.

நகரத்தின் ஓரத்தில், உப்பலைத் தாண்டி ஒரு திடலில் நடந்தது. வகுப்பைவிட சனத்நகர் பட்டறைகளில் அதிக நேரம் நின்று, நான்கு வருடமாக நாங்கள் கட்டிய கார். அன்று காலை இடது முன்சக்கரத்தில் பிரேக் பேட் மாற்றினேன். பேடைப் பிடித்திருக்கும் காலிப்பரைத் திரும்ப மாட்டி, அதன் இரண்டு போல்ட்டையும் விரலால் திருகி வைத்தேன். ரெஞ்ச் பக்கத்து அணியிடம் போயிருந்தது. பரிசோதகரோ நெருங்கிக்கொண்டிருந்தார். போட்டியிலும் அதே விதிதான்; கோடு இல்லாத போல்ட்டைக் கண்டால் வரிசையின் கடைசிக்கு அனுப்பிவிடுவார். அதனால் கோட்டை முதலில் போட்டேன். ரெஞ்ச் வந்ததும் முறுக்கிக்கொண்டால் போயிற்று! அவர் குனிந்தார், மஞ்சளைப் பார்த்தார், ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போனார். கேப்டன் ஸ்மிதா என்னை டயர் வேலைக்கு விரட்டினாள். அடியோடு மறந்துபோனேன்.

பதினொன்றரை மணிக்கு எங்கள் டிரைவர் சரத் ஹெல்மெட்டோடு காரில் இருந்தான். ஓடுதளத்துக்கான வரிசையில் எங்களுக்கு முன்னால் இரண்டு கார்கள். அப்போது பக்கத்து அணிப் பெண் வந்து ரெஞ்சை நீட்டினாள். காலையிலிருந்து தங்களிடமே இருந்துவிட்டது என்று தெலுங்கில் மன்னிப்புக் கேட்டாள்.

முறுக்காமல் விட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஓடிப்போய் முட்டி போட்டு, சக்கரத்தின் உள்பக்கம் எட்டிப் பார்த்தேன். வேறு ரெஞ்சால் யாராவது முறுக்கியிருந்தால் கோடு முறிந்திருக்கும். முறிந்திருக்க வேண்டும் என்று தெரிந்த சாமியை எல்லாம் கும்பிட்டேன். இரண்டு கோடும் ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல நேராக இருந்தன.

"ஸ்மிதா, காரை வெளிய எடு. லெஃப்ட் காலிப்பர் டைட் பண்ணல."

"கோடு இருக்கே?"

"சும்மா போட்டேன்."

அவள் முகம் வெளுத்தது. "இங்க டூல் தொடக்கூடாது. வரிசைய விட்டா அவுட். நாலு வருஷம், வேதா! கைக்கு, ஏன் இப்ப வந்து சொல்றே? மெதுவா ஓட்டச் சொல்லலாம்."

சொல்ல வெட்கமாக இருக்கிறது: மெதுவாக ஓட்டினால் தாங்குமோ என்று நானும் ஒரு கணம் கணக்குப் போட்டேன். முன்னால் ஒரு கார் கிளம்பியது.

சரத் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினான். "என்ன பிராப்ளம்?"

"ஒண்ணுமில்ல, காலிப்பர் பத்திப் பேசறோம்" என்றாள் ஸ்மிதா.

அவன் என்னைப் பார்த்தான். "போட்டது நீதானே? அப்ப ஓகே." கண்ணாடியை இறக்கிக்கொண்டான்.

அடுத்த காரும் போய்விட்டது. கொடிக்காரர் எங்களை அழைத்தார். நான் காருக்கு முன்னால் போய் நின்றேன்.

"இறங்கு சரத். நான் முறுக்கவே இல்ல."

பட்டியலில் எங்கள் கார் எண்ணை அடித்துவிட்டார்கள். ஸ்மிதா தொப்பியைக் கழற்றி எறிந்துவிட்டு நடந்தாள். காரை எங்கள் கூடாரத்துக்குத் தள்ளிவந்ததும் சரத் கையுறையைக் கழற்றி, சக்கரத்துக்குள் கை விட்டான். இரண்டு விரலால் திருப்பினான். போல்ட் சுழன்றது. அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். வெகுநேரம் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பார்வையாளர் பக்கமிருந்து அவன் அம்மா வேகமாக வருவது தெரிந்தது. "நானே சொல்லிடறேன்" என்றேன்.

"நக்கோ, வேணாம் வேதா. தெரிஞ்சா இனிமே ஸ்டியரிங்கத் தொட விடமாட்டாங்க."

அம்மா மூச்சு வாங்க வந்து நின்றார். "என்னடா ஆச்சு?"

"இன்ஜின் ஸ்டார்ட் ஆகலமா."

அவர் மகனைத் தாண்டி என்னிடம் வந்தார். என் கையிலிருந்த கிரீஸைத் தன் புடவைத் தலைப்பால் துடைத்தார். "நீ எவ்ளோ பாடுபட்டே, பாவம். அழாதே கண்ணு. உன் மேல என்ன தப்பு?"