கங்கையா பெயர் போட்ட அட்டை

பார்சலைப் பிரித்ததும் மோகனப்ரியா முதலில் புத்தகத்தை முகர்ந்து பார்த்தாள். பழைய தாளுக்கு என்று ஒரு வாசனை உண்டு. உள்பக்கங்களில் அது இருந்தது. அட்டையில் இல்லை.

ஜன்னல் பக்கம் கொண்டுபோனாள். ‘கருங்கழுகுக் கோட்டை’, கருடக்கொடி காமிக்ஸின் முதல் இதழ். நடுப்பக்கத்தில் குத்தியிருந்த கம்பி துருப்பிடித்துக் காவிக் கறையாகப் பரவியிருந்தது. அதே கம்பி அட்டையைத் துளைத்து வெளியே வந்த இடம் மட்டும் வெள்ளைவெளேர் என்றிருந்தது. அட்டையின் மேல் மூலையில், எந்தக் காலத்திலோ அதை வைத்திருந்த ஒருவன் நீல மையில் ‘கங்கையா, 7 பி’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு துளி மையையும் சிந்தியிருந்தான். ஏலத்துக்குப் போட்ட படத்தில் அந்தப் பெயரைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு ஆசை கூடியது. இப்போது அதன் மேல் விரலை ஓட்டினாள். பேனா அழுத்திய தடமே இல்லை. எழுத்து, மைத்துளி எல்லாமே அச்சு. அட்டை கம்ப்யூட்டர் பிரிண்ட்.

மோகனப்ரியாவின் ஊர் ஆந்திராவில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாலசமுத்திரம். பள்ளியில் படித்தது தெலுங்கு மீடியம். வீட்டில் பேசிய தமிழுக்கு எழுத்து உண்டு என்பதை அவள் காமிக்ஸ் படங்களின் வசனக் குமிழ்களைப் பார்த்துத்தான் கற்றாள். இப்போது திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்கு அருகே ஒரு லாட்ஜில் வரவேற்பு மேஜையில் வேலை. தங்கிப் போனவர்கள் இணையத்தில் எழுதும் குறைகளுக்குப் பதில் போடுவதும் அவள் பொறுப்பு. எது காசு வாங்கி எழுதிய பாராட்டு, எது வயிறெரிந்து எழுதிய திட்டு என்று இரண்டு வரியில் கண்டுபிடித்துவிடுவாள்.

அந்தத் திறமையைப் பார்த்துத்தான் சலீம் அவளை நடுவராக்கினான். அதே தெருவில் செல்போன் கடை வைத்திருப்பவன். ‘பழைய காமிக்ஸ் ஏலக்கூடம்’ என்ற குழுவை போனில் தொடங்கியவனும் அவன்தான். ஞாயிறு தோறும் அதில் ஏலம் நடக்கும். வாங்கியவர்கள் புகார் கொடுத்தால் சலீமும் மோகனப்ரியாவும் விசாரித்து, விற்றவன் பெயருக்கு எதிரே பச்சையோ சிவப்போ வைப்பார்கள். சிவப்பு வாங்கியவன் அங்கே திரும்ப விற்க முடியாது. பார்சலைப் பிரிப்பதை வீடியோ எடுத்தால்தான் புகார் செல்லும் என்ற விதியைக் கொண்டுவந்தவள் மோகனப்ரியா. அந்த விதியைக் காட்டிப் பலருடைய புகாரை அவளே தள்ளியிருக்கிறாள்.

இந்த இதழை விற்றவன் தனசேகர். சித்தூரில் ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கும் கடை வைத்திருந்தான். குழுவில் அவன் பெயருக்கு நேரே பச்சை தவிர வேறு நிறம் இருந்ததில்லை. அன்றே அவள் சலீமைக் கேட்காமல் சிவப்பு வைத்து, கீழே எழுதினாள்: ‘உள்பக்கம் அசல், அட்டை போலி. இவரிடம் வாங்க வேண்டாம்.’

தனசேகர் உடனே போன் செய்தான்.

“யாரும்மா நீ? லாட்ஜுல சாவி எடுத்துக் குடுக்கறவதானே? என் புக்க பத்தி எழுத நீ யாரு?”

“புக்க பத்தி எழுதல சார். உங்கள பத்திதான் எழுதினேன்.”

“பிரிக்கும்போது எடுத்த வீடியோ எங்க?”

ஆசையில் அவள் கத்திரிக்கோலைக்கூடத் தேடாமல் பல்லால் கடித்துப் பிரித்த பார்சல் அது.

“கேக்கறது காதுல வுழல? நீ போட்ட ரூல்தானே அது? வீடியோ எங்க?”

“எடுக்கல.”

“அப்டி வா வழிக்கு. என் ஒரிஜினல் அட்டைய கழட்டி வெச்சிக்கினு, டூப்ளிகேட்ட சொருகிட்டு நாடகம் ஆடிக்கினு கீற. இல்லன்னு ப்ரூவ் பண்ணு பாக்கலாம்.”

இதையே அவன் குழுவிலும் எழுதினான். ஒருவன் ‘நடுவரே திருடினால் யாரிடம் போவது’ என்று கேட்டான். இன்னொருவன் லாட்ஜின் பெயரைத் தேடிப்பிடித்து அதற்கு ஒற்றை நட்சத்திரம் போட்டான். வீடியோ இல்லை என்று முன்பு மோகனப்ரியா தள்ளிய புகாரைக் கொடுத்த ரத்னம்மா என்ற பெண், ‘அன்னைக்கு நான் அழுதப்போ ரூல் ரூல்னு சொன்னியேம்மா, இப்ப சொல்லு’ என்று எழுதியிருந்தாள். மற்றவர்கள் எழுதியதை மோகனப்ரியாவால் தாங்க முடிந்தது. இதை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தாள்.

சலீமின் கடைக்குப் போனாள். அவன் ஒரு போனின் முதுகைத் திறந்து வைத்துக்கொண்டு தலை நிமிராமல் பேசினான்.

“ரூல் ரூல்தான் ப்ரியா. செவப்ப எடுத்துடு. ஒரு சாரி போட்டுட்டா முடிஞ்சிது.”

“அண்ணா, புக்க பாருங்கண்ணா. ஒரு தடவ தொட்டுப் பாருங்க.”

“நா எதுக்குப் பாக்கணும்? வீடியோ இல்ல. அவ்ளோதான்.”

பழைய புத்தகம் ஒன்றைக் கையில் நீட்டியும் சலீம் வாங்காமல் இருந்தது அதுதான் முதல் தடவை. வேலையில் மூழ்கியிருக்கிறான் என்று அப்போது அவள் நினைத்துக்கொண்டாள்.

அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. மறுநாள் குழுவில் தேவேந்திரன் என்பவர் தனசேகருக்குப் பரிந்துகொண்டு வந்தார். பங்காருபாளையத்தில் மாங்காய் மண்டி வைத்திருப்பவர். ‘நானும் இவரிடம் இதே இதழ் வாங்கியிருக்கிறேன். தங்கமான மனிதர். அட்டையைப் பாருங்கள்’ என்று ஒரு படமும் போட்டிருந்தார். மோகனப்ரியா படத்தைப் பெரிதாக்கினாள். மூலையில் நீல எழுத்து: கங்கையா, 7 பி. பக்கத்தில் அதே மைத்துளி.

இரண்டு புத்தகத்தில் ஒரே மை ஒரே மாதிரி சிந்துமா? ‘மேல் மூலையில் என்ன எழுதியிருக்கிறது, சார்?’ என்று அவள் கேட்டதுதான் தாமதம், படம் காணாமல் போனது. அதைச் சேமித்து வைக்க வேண்டும் என்று தோன்றாத தன் புத்தியை நொந்துகொண்டாள்.

விடுமுறை நாளில் புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு சித்தூர் பஸ் ஏறினாள். அங்கிருந்து பங்காருபாளையம். சீசன் உச்சத்தில் இருந்தது. மண்டி வாசலில் டிராக்டர்கள் வரிசைகட்டி நின்றன. தேவேந்திரன் யாரோ ஒரு டிரைவரிடம் தெலுங்கில் இரைந்துகொண்டிருந்தார். அவள் பெயரைச் சொன்னதும் முகம் மாறியது.

“இங்க எதுக்கு வந்த?”

“சண்டைக்கு வரல சார். உங்க புக்கையும் என் புக்கையும் பக்கத்துல வெச்சி ஒரு போட்டோ எடுத்துக்கறேன். அவ்ளோதான்.”

“எடுக்க முடியாது.”

“உங்களையும் ஏமாத்திக் கீறான் சார். அட்டைய தடவிப் பாத்தீங்களா?”

“நா ஏன் தடவணும்?” குரல் உயர்ந்ததும் கூடை சுமந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அவளை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். “இத்தினி வருசமா தேடி வாங்கனது. கண்ணாடி போட்டு ஆபீஸ்ல மாட்டிக் கீறேன். வரவன் போறவன்கிட்டலாம் காட்டிக்கினு கீறேன். நீ வந்து தொட்டா அது டூப்ளிகேட் ஆயிடும். நீ தொடாத வரிக்கும் அது ஒரிஜினல்தான். புரிதா?”

“அப்ப உங்களுக்குத் தெரியும்.”

“எனக்கு ஒண்ணும் தெரியாது. கெளம்பு மொதல்ல. வேல நடக்கற எடத்துல வந்து நின்னுக்கினு.”

பசியோடு சித்தூருக்குத் திரும்பினாள். ஏமாற்றியவன் மேல் இருந்ததைவிட ஏமாந்தவர் மேல் கோபம் அதிகமாக இருந்தது. அந்தக் கோபத்தோடே விசாரித்துக்கொண்டு போய்த் தனசேகரின் கடைக்குள் நுழைந்தாள்.

கடை முழுக்க மை வாடை. யாருடைய பிறந்த நாளுக்கோ அடித்த பேனர் தரையில் காய்ந்துகொண்டிருந்தது. தனசேகர் அவள் எதிர்பார்த்ததைவிட இளையவன், முப்பதுகூட இருக்காது. அவளைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

“ஓ, ஜட்ஜம்மா! செப்பண்டி, ஏம் காவாலி? இன்னா வேணும்?”

“தேவேந்திரன்கிட்ட கீற புக்குலயும் கங்கையா பேரு கீது.”

“கீட்டும், அதுக்கின்னா?”

“இந்த மெஷின்லதானே அடிச்ச?”

அவன் சிரித்தான். “பழைய பேப்பர் கடையில ஒரு கட்டு கெடச்சிது. எல்லாம் அதே மொத இதழ். ஒண்ணே ஒண்ணுல தவுர மீதி அட்டையெல்லாம் கரையான் துன்னுட்ச்சி. உள்ள ஒரு பக்கத்துக்குக்கூட சேதம் இல்ல. அட்ட இல்லாம போட்டா எவனாவது தொடுவானா? நீ தொடுவியா? சொல்லு.”

“அட்ட புதுசுன்னு சொல்லி வித்திருக்கலாமே?”

“சொன்னா, நீயே மொத ஆளா செவப்பு வெப்ப. உங்களுக்கு நெஜம் வேணாம்மா. போட்டோவுல பளபளன்னு தெரியணும். நா அத்தான் குடுக்கறேன்.”

“போட்டோவுல போட்டது அசலு. அனுப்பனது போலி. அதுக்குப் பேரு வேற.”

“இன்னா பேரு? தைரியம் இருந்தா போய் குரூப்ல எழுது. உன் சலீம் பாய் வுடுவாரான்னு பாக்கறேன்.”

“அவர ஏன் இழுக்கற?”

“அந்த அசல் அட்ட எங்க கீதுன்னு நெனச்ச?” தனசேகர் நாற்காலியில் சாய்ந்துகொண்டான். “போய் உங்க நொண்ணனையே கேளு. சும்மாவா எனக்குப் பச்சையா வெச்சிக்கினு இருந்தாரு? இப்ப எறங்கு. கஸ்டமர் வர நேரம்.”

திரும்பும் பஸ்ஸில் அவளுக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. புத்தலப்பட்டு தாண்டும்வரை, அவன் பொய் சொல்கிறான் என்றே தனக்குள் சொல்லிக்கொண்டு வந்தாள். அதற்குப் பிறகு, நீட்டிய புத்தகத்தைச் சலீம் தொடாமல் இருந்தது நினைவுக்கு வந்தது. தொட்டால் பார்க்க வேண்டியிருக்கும். பார்த்தால் சொல்ல வேண்டியிருக்கும்.

திருப்பதியில் இறங்கியதும் நேரே அவன் கடைக்குப் போனாள். சலீம் மறுக்கவில்லை. சித்தூரிலிருந்து ஏற்கெனவே போன் வந்துவிட்டது என்பது, அவளைக் கண்டதும் மாறிய அவன் முகத்திலேயே தெரிந்தது. பின்னால் இருந்த பீரோவிலிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட புத்தகத்தை எடுத்து வந்து மேஜை மேல் வைத்தான்.

“பாக்கறியா?”

பார்க்காமல் இருக்க அவளால் முடியவில்லை. உறையிலிருந்து எடுத்தாள். வண்ணம் மங்கியிருந்தது. ஓரங்கள் பொரிந்திருந்தன. கங்கையாவின் பேனா தாளைக் கீறிக்கொண்டு போன இடம் விரலுக்குத் தட்டுப்பட்டது. அவள் புத்தகத்தில் இருந்த கழுகு கறுப்பு. இதில் அது கரும்பச்சை. அவள் ஒரு நிமிடம் கோபத்தை மறந்துகூடப் போனாள்.

“நா கேக்கல ப்ரியா. அவனே கொணாந்து குடுத்தான். வெச்சிக்கோங்க பாய்ன்னான். கையில வந்தப்புறம் வேணான்னு சொல்ல மனசு வரல. உனக்கு இது புரியும்.”

“புரியுது. அதனாலதான் கேக்கறேன். நா பணத்த ஏலத்துல கட்டும்போது உங்களுக்குத் தெரியும்ல? போலி வரப்போவுதுன்னு தெரிஞ்சிக்கினே பாத்துக்கினு இருந்தீங்களா?”

“நீ கண்டுபுடிக்க மாட்டன்னு நெனச்சேன்.”

அது அவளைக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. தன் பையிலிருந்த இதழை எடுத்து அசலின் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தாள்.

“அத்த போட்டன்னா நமக்குள்ள முடிஞ்சிது,” என்றான் சலீம்.

“போடறதுக்கு முன்னாடியே முடிஞ்சிட்ச்சிண்ணா.”

அவன் எதிரிலேயே குழுவில் போட்டாள். தனசேகர் பெயரையும் சலீம் பெயரையும் எழுதினாள். கூடவே, ‘ரத்னம்மாவின் புகாரைப் பார்க்காமலே தள்ளியது என் தவறு’ என்றும் எழுதினாள். சலீம் தன் போனை எடுத்து அவளைக் குழுவிலிருந்து நீக்கினான். படத்தையும் அழித்தான். அதற்குள் பார்த்தவர்கள் பார்த்துவிட்டார்கள்.

அந்த வாரமே குழு உடைந்தது. பாதிப் பேர் வெளியேறி வேறொன்று தொடங்கினார்கள். மோகனப்ரியாவையும் சேர்த்துக்கொண்டார்கள், நடுவராக அல்ல. ரத்னம்மாவும் வந்தாள்; ஒரு வார்த்தை பேசவில்லை. தனசேகர் வேறு பெயரில் வேறெங்கோ விற்கிறான் என்று கேள்வி. சலீமின் கடை வாசலை அவள் தாண்டும்போது இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பதில்லை.

மாங்காய் சீசன் முடிகிற சமயம் புதுக் குழுவில் ஒரு ‘கருங்கழுகுக் கோட்டை’ ஏலத்துக்கு வந்தது. விற்பவர் புதியவர், மதனப்பள்ளி என்று போட்டிருந்தது. அட்டையின் மேல் மூலை மட்டும் படத்தில் வெட்டப்பட்டிருந்தது. ‘மூலை தெரிய இன்னொரு படம் போடுங்கள்’ என்று மோகனப்ரியா எழுதினாள். ஏலம் கேட்டவர்கள் ஒவ்வொருவராகப் பின்வாங்கினார்கள்.

தேவேந்திரனின் போன் வந்தது.

“உனக்கு வேற வேலையே இல்லியாம்மா? அது என் மச்சான் பேர்ல போட்டது.”

“மூலைய வெட்டிப் போட்டப்பவே நெனச்சேன் சார்.”

“எவனோ என் தலையில கட்டனான். நா இன்னொருத்தன் தலையில கட்டக் கூடாதா? நா மட்டும் நஷ்டப்படணுமா? ஆபீஸ்ல செவுத்துல ஆணி மட்டும் நிக்கிது. பாக்கறவன்லாம் எங்கன்னு கேக்கறான்.”

“அன்னிக்கு ஒரே ஒரு போட்டோ எடுக்க வுட்டிருந்தா அவன்கிட்டயே திருப்பிக் குடுக்க வெச்சிருப்பேன். தொரத்தி வுட்டீங்க.”

அந்தப் பக்கம் மண்டியில் யாரோ எடை கூவுவது கேட்டது.

“இப்ப இத்த நா இன்னா பண்றது?” குரல் சற்று இறங்கியிருந்தது.

“உள்ள கீற பக்கமெல்லாம் நெஜம் சார். அட்டைய கழட்டிட்டுப் படிங்க.”

“அட்ட இல்லாததா?”

“நீங்க அத்த இன்னும் படிக்கவே இல்லையா?”

தேவேந்திரன் தெலுங்கில் அவளை ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டிவிட்டு போனை வைத்தார். வரவேற்பு மேஜைக்கு எதிரே, ஏசி வேலை செய்யவில்லை என்று ஒரு குடும்பம் பையும் மூட்டையுமாக வந்து நின்று இரைய ஆரம்பித்திருந்தது. மோகனப்ரியா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வேறு அறையின் சாவியை எடுக்க எழுந்தாள்.