புகையிலைக்கு ஒரு தாலர்

அன்று காலை எட்டு மணிக்கே கடையைத் திறந்துவிட்டேன். பதினோரு மணி வரை ஈ ஓட்டினேன். ஊரில் எல்லாருடைய பையிலும் புத்தம்புதுப் பணம் இருந்தது. என் கல்லாவில் மட்டும் ஒரு காசு விழவில்லை.

1920, மே மாதம் இருபதாம் தேதி. பிப்ரவரியில் ஓட்டுப் போட்டு, டென்மார்க்கோடுதான் சேருவோம் என்று சொல்லிவிட்டோம். அதற்கு முன்னால் ஐம்பத்தாறு வருஷம், கொங்கே ஆற்றுக்கு அந்தப் பக்கம் டென்மார்க், இந்தப் பக்கம் நாங்கள் ஜெர்மனி. ஆற்றில் துணி துவைத்தால் நுரை அக்கரைக்குப் போய்விடும், நாம் போகக் கூடாது. அன்றைக்கு ஜெர்மன் மார்க் போய் டென்மார்க் குரோன் வந்தது. கோபன்ஹேகனிலிருந்து வந்த இரண்டு குமாஸ்தாக்கள் சத்திரத்தில் மேஜை போட்டு உட்கார்ந்து, மார்க்கை வாங்கிக்கொண்டு குரோன் கொடுத்தார்கள். விடிவதற்கு முன்பே அங்கே வரிசை.

வாங்கியவர்கள் எல்லாம் நேரே என் கடைக்குத்தான் வந்தார்கள். வாங்குவதற்கு இல்லை, காட்டுவதற்கு. பக்கத்து வீட்டுக்காரி, போதில் என்று பெயர், ஒரு குரோன் நோட்டைப் பிரார்த்தனைப் புத்தகத்துக்குள் வைத்து, குழந்தையைத் தூக்கி வருவது போலத் தூக்கி வந்தாள்.

"என்ன வேணும், உப்பா, காப்பித்தூளா?" என்று கேட்டேன்.

"நல்லா இருக்கே! இதைக் குடுத்து உப்பு வாங்கச் சொல்றியா? உனக்கு மனசாட்சி இருக்காடி கெஸ்தீனா?"

"அப்ப எதுக்குடி வந்த?"

"நீ பாக்க வேண்டாமா, அதுக்குத்தான்."

கொல்லன் தன் நோட்டை உலைக்கு மேலே ஆணி அடித்து மாட்டிவிட்டானாம். பணம் என்பது கை மாறத்தானே? எங்கள் ஊரில் அன்றைக்கு அது சாமி படமாகிவிட்டது. ஊரைச் சொல்வானேன், என் வீட்டுக்காரர் நிஸ் முதல் நோட்டைக் கண்ணாடிச் சட்டத்தில் செருகிவிட்டு, அதைப் பார்த்தபடியே முகம் சவரம் செய்தார். கன்னத்தில் இரண்டு இடத்தில் வெட்டு.

சில்லறைதான் எனக்குச் சிரிப்பாக இருந்தது. சண்டைக் காலத்தில் செம்பு கிடைக்காமல் டென்மார்க்கிலும் சின்னக் காசுகளை இரும்பில் அடித்துவிட்டார்களாம். ஐம்பத்தாறு வருஷம் காத்துக் கிடந்ததற்குக் கையில் இரும்பு. ஆனால் கேலி பேசுகிற நானே, நிஸ் கொண்டுவந்த ஒரு இரும்புக் காசை எடுத்து எழுத்தைப் படித்துப் பார்த்தேன். எங்கள் டேனிஷ் மொழி. அதைப் பேசியதற்காக என் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் பிரம்படி வாங்கியிருக்கிறார்கள். இப்போது அதைக் காசிலேயே அடித்துக் கொடுக்கிறார்கள். இன்னொரு தடவையும் படித்தேன். அதை போதிலிடம் காட்டிக்கொள்ளவில்லை.

பதினோரு மணிக்கு லௌஸ்ட் வந்தார். ஞாயிற்றுக்கிழமைக் கறுப்புக் கோட்டுப் போட்டு, தொப்பியைக் கையில் பிடித்திருந்தார். அவரைப் பார்த்ததும் கடையைச் சாத்திவிடலாமா என்று தோன்றியது. எதற்கு வந்திருக்கிறார் என்று ஊருக்கே தெரியும்.

லௌஸ்டுக்கு அறுபத்தாறு வயது, ஆறடிக்கு மேல் உயரம், நாலு மாடு, கொஞ்சம் நிலம். எங்கள் ஊரில் அவருக்குத் தாலர் லௌஸ்ட் என்று பெயர். 1864 ஜனவரியில் அவர் அப்பாவை டென்மார்க் படைக்குக் கூப்பிட்டார்கள். ஆட்களை ஏற்றிக்கொண்ட வண்டி, என் கடைக்கு எதிரே இருக்கும் சர்ச் வாசலில் நின்றது. அப்பா வண்டியில் உட்கார்ந்தபடி பத்து வயது மகனிடம் ஒரு தாலரை, அந்தக் காலத்து டென்மார்க் வெள்ளிக் காசை, கொடுத்து, புகையிலை வாங்கிவரச் சொன்னார். பையன் இந்தக் கடைக்கு வந்து கதவைத் தட்டினான். கடை பூட்டியிருந்தது. என் மாமியாருக்குப் பிரசவ வலி. வீடே மேல்மாடியில் மருத்துவச்சியோடு நின்றதால் யாரும் கீழே இறங்கி வரவில்லை. கை வலிக்கும் வரை தட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், வண்டி போய்விட்டிருந்தது. ஏப்ரலில் டியூபெல் மேட்டுச் சண்டையில் அப்பா செத்துப்போனார். டென்மார்க் தோற்றது, நாங்கள் ஜெர்மனி ஆனோம். அன்றைக்கு மாடியில் பிறந்த குழந்தைதான் என் நிஸ்.

அந்தத் தாலரை லௌஸ்ட் செலவழிக்கவில்லை. கஷ்ட காலங்களில்கூட. பெண்சாதி நோயில் கிடந்த வருஷம் ஒரு மாட்டை விற்றார், தாலரைத் தொடவில்லை. யாராவது கேட்டால், "டென்மார்க் வரட்டும், புகையிலை வாங்கிக்கிறேன்" என்பார். அவர் வாயில் ஒரு நாளும் சுருட்டோ புகைக்குழாயோ வைத்ததில்லை. கல்யாண வீடுகளில் அவரைக் கண்டால் வாலிபப் பயல்கள், "என்ன லௌஸ்டண்ணே, புகையிலை வாங்கியாச்சா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். நானும் சிரித்தவள்தான்.

கடையைச் சாத்தத் தோன்றியதற்குக் காரணம் வேறு. எந்தெந்தப் பணம் செல்லும் என்று சத்திரத்துக் கதவில் பட்டியல் ஒட்டியிருந்தார்கள். கடைக்காரி என்பதால் எழுத்துக்கூட்டி முழுக்கப் படித்தேன். குரோன் இருந்தது, அதற்குக் கீழே சில்லறை இருந்தது. தாலர் இல்லை.

நிஸுக்கும் அது தெரியும். லௌஸ்ட் வாசலில் கால் வைத்ததும், "கொட்டகையில ஒரு வேலை இருக்கு" என்று பின்பக்கமாக நழுவிவிட்டார். ஆம்பளை!

லௌஸ்ட் ஒரு துணி முடிச்சை அவிழ்த்து, தாலரை என் மேஜையில் வைத்தார். பழைய மன்னர் பிரெடரிக்கின் தலை. கிண்ணென்று ஒரு சத்தம். இரும்பையும் காகிதத்தையுமே பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு அந்தச் சத்தமே மறந்துபோயிருந்தது.

"கெஸ்தீனா தங்கச்சி, புகையிலை குடும்மா."

என்ன சொல்வேன்? செல்லாது என்று சொன்னால் மனுஷர் இங்கேயே விழுந்துவிடுவார். செல்லும் என்று பொய் சொல்லி ஒரு பொட்டலம் கட்டிக் கொடுக்கலாம். ஆனால் பின்னாலே தெரிந்தால், ஐம்பத்தாறு வருஷத்தை நான் பிச்சை போட்டு முடித்து வைத்த மாதிரி ஆகிவிடும்.

அந்த நேரம் பார்த்துக் குமாஸ்தாக்களில் ஒருவன் தீப்பெட்டி வாங்க வந்தான். எஸ்கில் என்று பேர், இருபத்தைந்து வயதிருக்கும், கோபன்ஹேகன் பையன். லௌஸ்ட் என் முகத்தைப் பார்த்தார், பிறகு அவனைப் பார்த்தார்.

"தம்பி, நீதானே பணம் குடுக்கறவன்? இது செல்லுமா, செல்லாதா? நேராச் சொல்லு."

எஸ்கில் காசைக் கையிலெடுக்கக்கூட இல்லை. "இல்லீங்க ஐயா, செல்லாது. நாங்க குரோனுக்கு மாறி நாப்பத்தஞ்சு வருஷமாச்சு. அப்பவே குடுத்திருந்தா, ஒரு தாலருக்கு ரெண்டு குரோன் கிடைச்சிருக்கும்."

"குரோன் வந்தது எனக்கும் தெரியும். அதோட இதுவும் ஓடும்னுல்ல நினைச்சேன். மன்னர் தலை இருக்கே?"

"இருக்கு."

"வெள்ளிதானே?"

"சுத்தமான வெள்ளிங்க."

"அப்புறம் எப்படிப்பா செத்துப்போகும்?"

போதில் இன்னும் வீட்டுக்குப் போயிருக்கவில்லை; பிரார்த்தனைப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"நாங்க இங்க காத்துக்கிட்டே இருந்தோம்," என்றார் லௌஸ்ட். "நீங்க அங்க மாத்திட்டீங்க." கோபமே இல்லை அந்தக் குரலில். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பையனுக்கு முகம் சிவந்துவிட்டது. பைக்குள் கையை விட்டு, "ஐயா, நான் ரெண்டு குரோன் தர்றேன், இதை நீங்களே வச்சுக்கங்க" என்றான்.

"அது உன் காசு, தம்பி. அப்பா குடுத்தது இது."

எஸ்கில் அப்போதுதான் தாலரை எடுத்தான். ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்தான். திருப்பினான். மறுபடி திருப்பினான். அவன் தொப்பியைக் கழற்றியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, சர்ச்சுக்குள் நுழைகிறவன் மாதிரி.

"நாலு வருஷமா தினம் பணம் எண்ணறேன்," என்றான். "இதைக் கையில புடிச்சது இல்லீங்க. எங்க தாத்தா பேச்சுல கேட்டிருக்கேன், அவ்வளவுதான். அங்க எல்லாத்தையும் குடுத்து உருக்கிட்டாங்க. எங்க வீட்டுல ஒண்ணுகூட இல்ல. நாங்க விட்டதை நீங்க வச்சிருக்கீங்க."

ஒரு நாடே கைவிட்ட காசு, அந்த நாடு கைவிட்ட ஊரில், ஒரு கிழவரின் துணி முடிச்சில் தேயாமல் கிடந்திருக்கிறது. அழுகை வந்தால் எனக்குக் கூடவே கோபமும் வரும். அந்தக் கோபம்தான் எனக்கு வழி காட்டியது.

"குடு அதை இப்படி," என்று பையன் கையிலிருந்து வாங்கினேன். "லௌஸ்டண்ணே, பணமா நான் இதை வாங்கிக்க முடியாது. ஆனா தராசு வச்சிருக்கேன். ஊர் எவன் கையில இருந்தாலும் எடை எடைதான். ஒரு தட்டுல இது, ஒரு தட்டுல புகையிலை. சம்மதமா?"

எஸ்கில் இடையில் புகுந்தான். "அம்மா, வெள்ளி விலைக்குப் பாத்தா அவருக்கு ரொம்ப நஷ்டம். சட்டப்படி பாத்தாலும்…"

"நீ சும்மா இருப்பா. ஐம்பத்தாறு வருஷமா சட்டம் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு."

லௌஸ்ட் தலையை ஆட்டினார். "எடைக்கு எடை. சரிதான்."

தாலரை ஒரு தட்டில் வைத்தேன், அது பொத்தென்று இறங்கியது. புகையிலை ஜாடியைத் திறந்து, விரலால் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளி அடுத்த தட்டில் போட்டேன். முள் அசையவே மாட்டேன் என்றது. பிறகு அசைந்தது. கடைசி ஒரு இழையைப் போட்டபோது இரண்டு தட்டும் ஒன்றையொன்று பார்த்தபடி நின்றன.

"இவ்வளவுதான் வருது," என்றேன். ஒரு கைப்பிடிகூட இல்லை, நாலைந்து குழாய்க்குக் காணும். ஜாடியோடு தூக்கிக் கொடுக்கலாம் போலிருந்தது. கொடுத்தால் வாங்கமாட்டார் என்றும் தெரிந்தது.

"போதும்மா. அப்பா வழியிலே புடிக்கத்தான் கேட்டாரு."

நீலக் காகிதத்தில் பொட்டலம் கட்டிக் கையில் கொடுத்தேன். தாலரை எடுத்துக் கல்லாவில் போட்டேன், அவர் பார்க்கும்படி, சத்தம் வரும்படி. அவர் கொடுத்தார், நான் விற்றேன். அன்றைய முதல் வியாபாரம்.

பின்கதவு கிரீச்சிட்டது. என் வீட்டுக்காரர் தவிட்டுத் தூசியோடு வந்து நின்றார். கொட்டகைக்குப் போகாமல் கதவுக்குப் பின்னாலேயே, தவிட்டு மூட்டைகளுக்கு நடுவில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

"லௌஸ்டண்ணே," என்றார், "நான் அன்னைக்கு ஒரு அரை மணி பொறுத்துப் பொறந்திருக்கலாம்."

லௌஸ்ட் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "சின்ன வயசுல உன்னைக் கண்டாலே எனக்கு ஆகாதுடா நிஸ். ஏன்னு உனக்குத் தெரியாது."

"தெரியும்ணே."

"தெரியுமா? அடப்பாவி. அப்ப இத்தனை வருஷமா தெரியாத மாதிரியே இருந்தியே!" என்று சொல்லி அவர் தோளில் ஒரு அறை விட்டார். இரண்டு கிழவர்களும் சிரித்தார்கள். நிஸின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, தவிட்டுத் தூசி என்று சொல்லித் துடைத்துக்கொண்டார்.

பொட்டலத்தை எடுத்துக்கொண்டு டியூபெல்லுக்கு ரயில் ஏறப்போகிறார் என்றுதான் நினைத்தோம். அங்கே அவர் அப்பாவோடு எத்தனையோ பேரை ஒரே குழியில் புதைத்திருக்கிறார்கள். "வண்டி எத்தனை மணிக்குண்ணே?" என்று போதில்கூடக் கேட்டாள்.

"அவ்வளவு தூரம் எதுக்கு? அப்பாவோட வண்டி இங்கதானே நின்னுச்சு," என்றார் லௌஸ்ட்.

தெருவைக் கடந்து போனார். நாங்கள் நாலு பேரும் கடை வாசலுக்கு வந்து நின்றோம். சத்திரத்து வரிசையில் நின்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். கேலி பேசிய பயல்கள் அதில் இருந்தார்கள்.

சர்ச் வாசலில், மதில் ஓரத்தில், அவர் ஒரு இடம் பார்த்து நின்றார். வெறும் தெருதான், வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ஆறடி உயர மனிதர் நுனிக்காலில் எக்கினார். பொட்டலத்தை இரண்டு கையாலும் பிடித்து, தலைக்கு மேலே எவ்வளவு எட்டுமோ அவ்வளவு உயரத்துக்கு நீட்டினார். வண்டியில் உட்கார்ந்திருப்பவருக்குப் பத்து வயதுப் பிள்ளை அப்படித்தான் நீட்டுவான்.