ஊசி பிறந்த ஊர்

"அம்மா, இந்த ஊசி எந்த ஊர்ல பொறந்துச்சு?"

என் மகள் ஆறு வயதில் கேட்டது. கையில் தையல் இயந்திர ஊசிப் பெட்டி. கம்பி ஒரு நாட்டில் உருகி, அடுத்த நாட்டில் ஊசியாகி, மூன்றாவதில் பெட்டிக்குள் போய்க் கப்பலேறியது என்றேன்.

"அப்ப அதுக்கு மூணு அம்மாவா?"

துறைமுகத்தில் ஒரு நிறுவனத்துக்காக வியாபாரிகளின் சுங்கப் படிவம் நிரப்புவது என் வேலை. அந்தக் கேள்வி மறந்தே போயிருந்தது.

சில வருடம் கழித்து இரண்டு பெரிய நாடுகள் வரியால் மோதிக்கொண்டன. எங்கள் அரசு ஒன்றின் பக்கம் சாய்ந்து, மற்றதன் பொருள்களுக்கு வரியை மூன்று மடங்காக்கியது. அன்று மாலை நான்குக்குள் படிவம் கொடுத்தால் பழைய வரி. அந்த நாட்டில் தயாரான ஊசியை இறக்கியிருந்த வியாபாரி காலையிலேயே வந்து, "வரி ஏறுனா கடைய மூட வேண்டியதுதாம்மா" என்று சொல்லிப் போனார்.

சுங்க அலுவலக வரிசையில் எனக்கு முன்னால் போட்டி நிறுவனத்துக் குமாஸ்தா. எதையும் வாய்விட்டு இரண்டுமுறை படிப்பதால் அவருக்குக் 'கிளி' என்று பெயர். பொழுது போகாமல் என் படிவத்தையும் அதோடிருந்த சான்றிதழையும் எட்டிப் படித்தார்.

"தயாரித்த நாடு... தயாரித்த நாடு... ஏம்மா, பெட்டியில போட்ட நாட்டையில்ல எழுதியிருக்கே?"

"ஐயோ அண்ணே! திருப்பி அனுப்பிடுவாங்களே!"

"புலம்பாம புதுசா எழுது. மணி மூணேமுக்கால்."

ஜன்னலோரம் நின்று எழுதி முடித்தபோது அவர் முறை வந்திருந்தது. என்னை முன்னால் தள்ளினார். என் படிவத்தில் முத்திரை விழுந்ததும் மணி நான்காகி, அவர் முகத்துக்கு நேரே கவுண்டர் கதவு மூடியது. அவருடையது வரி மாறாத சரக்கு. ஆனாலும் ஒருநாள் தாமதம், முதலாளியிடம் ஏச்சு.

"தலை தப்பிச்சுதே, போ" என்றார் கிளி.

மூன்று வருடம் கழித்து சண்டை திசை மாறியது. இப்போது முன்பு எங்கள் அரசு சாய்ந்த நாட்டின் பொருள்களுக்கு வரி. மறுபடி நான்கு மணிக் கெடு. மதிய இடைவேளையில் என் படிவத்தைச் சுங்க அதிகாரியின் தட்டில் வைக்கப் போனேன். அறையில் யாருமில்லை. மேசைக்கடியில் ஒரு தாள் கிடந்தது: சரக்கு எந்த நாட்டில் தயாரானது என்ற சான்றிதழ். கிளியின் நிறுவன முத்திரை. தட்டில் அவர் படிவக் கட்டு, கிளிப் தளர்ந்து கிடந்தது.

எண்களை ஒப்பிட்டு வாய்விட்டு இரண்டுமுறை படித்தேன். சரியாக இருந்தது. தாளைச் செருகி, கிளிப்பை இறுக்கினேன். அவர் கட்டுக்கு அடியில் என் படிவத்தை வைத்துவிட்டு, கடவுளுக்கு நன்றி சொல்லி, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினேன்.